தரவரிசையில் ஏறிய அத்தை

ஆகஸ்ட் 9

அன்புள்ள அத்தைக்கு,

போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

இறுதியாண்டு ஆய்வுக்கு ஆளுக்கொரு வழிகாட்டியை ஒதுக்கி, எங்கள் கிளை வளாகத்தின் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். என் பெயருக்கு எதிரே உங்கள் பெயர். பல்கலைக்கழகத் தலைமை அலுவலகத்தில் புள்ளிவிவரம் தொகுக்கிற என் அத்தை எப்போது மண்ணியல் பேராசிரியர் ஆனார்? தோழிகள் என்னை ஓட்டித் தள்ளுகிறார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. போன வருடம் இரண்டு பாடத்துக்கு ஆசிரியரே இல்லை. வீட்டுப் பக்கத்துச் சின்னக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தபோது, "அந்தப் பேரே உலகத் தரவரிசைப் பட்டியல்ல இல்லையேம்மா" என்று சொன்னது நீங்கள்தானே?

அன்புடன்,
வாலு

ஆகஸ்ட் 17

என் வாலுக்கு,

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று தரவரிசைக்காரர்கள் கேட்பார்கள். நாம் அனுப்புவதுதான் கணக்கு. யாரும் வந்து வகுப்பை எட்டிப் பார்ப்பதில்லை. ஆசிரியர்கள் குறைந்தபோது இயக்குநர், "ஆபீஸ்ல எம்.ஏ. படிச்சவங்க இருக்காங்கல்ல, அவங்களையும் ஆசிரியர் பட்டியல்ல போடுங்க" என்றார். போட்டேன். என்னை எந்தத் துறையில் போடுவது என்று வந்தபோது உன் துறையில் போட்டுக்கொண்டேன். நீ படிக்கிற இடத்தில் நானும் இருக்கலாமே என்று ஓர் அசட்டு ஆசை. அந்தப் பட்டியலை வைத்தே கணினி உங்களுக்கு வழிகாட்டிகளை ஒதுக்கும் என்று எனக்குத் தெரியாது.

அண்ணன் என்னை நம்பித்தான் உன்னை அங்கே சேர்த்தார். இந்த வருடம் உண்மைக் கணக்கை அனுப்பிவிடுகிறேன். வேலை போனால் போகட்டும்.

அத்தை

செப்டம்பர் 2

அன்புள்ள அத்தைக்கு,

கோபம் தீரவில்லை. ஆனாலும் கொஞ்சம் பொறுங்கள். வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனம், பட்டியலில் உள்ள பல்கலைக்கழகங்களில் மட்டும்தான் தேர்வு நடத்துமாம். இப்போது நம் இடம் சரிந்தால் நான் நடுத்தெருவில் நிற்பேன். அப்பா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். இதை எழுதும்போது கை கூசுகிறது. என் தேர்வு முடியும்வரை மட்டும்.

வாலு

நவம்பர் 20

அன்புள்ள அத்தைக்கு,

வேலை கிடைத்துவிட்டது. அப்பா அழுதுவிட்டார்.

எனக்குத்தான் தூக்கம் இல்லை. என் பள்ளித் தோழி அந்தச் சின்னக் கல்லூரியில் படிக்கிறாள். தேர்வுக்கு முன்பு மண் பரிசோதனைக் கணக்கு முழுவதையும் போனில் எனக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தது அவள்தான். அவளுடைய ஆசிரியர்கள் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவளை யாரும் தேர்வுக்கே கூப்பிடவில்லை. "பரவால்லடி, உனக்காவது கெடச்சுதே" என்றாள். அவளிடம் உங்கள் விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது நீங்கள் உண்மைக் கணக்கை அனுப்பலாம், அத்தை.

வாலு

டிசம்பர் 4

என் வாலுக்கு,

உனக்கு வேலை கிடைத்ததில் சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம்.

ஆனால், கணக்கு அனுப்பும் கெடு செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. உனக்காகப் பொறுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. இயக்குநர் அறை வாசல்வரை ஒரு நாள் போனேன், பயந்து திரும்பிவிட்டேன். பழைய பட்டியலே போயிற்று. நாம் இன்னும் மேலே ஏறியிருக்கிறோமாம். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. தின்றேன்.

இன்று காலை உன் வளாகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. உனக்கு ஒரு வகுப்பு கீழே படிக்கிற பெண்; அடுத்த வருட ஆய்வுக்கு அவளுக்கும் என்னையே ஒதுக்கியிருக்கிறார்கள். அவளுடைய அப்பாவும் தரவரிசையைப் பார்த்துத்தான் சேர்த்தாராம். "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, என் ஆய்வு பற்றிப் பேச உங்களை எப்போது வந்து பார்க்கலாம்?" என்று கேட்டிருக்கிறாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

நீயாவது என் அண்ணன் மகள், திட்டிவிட்டாய். அவளுக்கு நான் என்ன பதில் எழுதுவது? நீயே சொல்.

அத்தை