முகீபி, அப்டேட் பட்டனைத் தொடாதே

முகீபி,

அவிச்சு மசிச்ச வாழைக்காய் மட்டோகே வாழையிலைக்குள்ள சூடா இருக்கு, கடலைக் குழம்பு பக்கத்துல. முதல்ல சாப்பிடு, அப்புறம் கோவப்படு.

என் லேப்டாப் பிழைச்சிடுச்சு. "லினக்ஸைப் புதுசாக்கிட்டேன், இனி பறக்கும் பாரு"ன்னு நேத்து சொன்னே. பறந்தது திரையில இருந்த படம்தான்! அந்தக் கிழட்டு கிராபிக்ஸ் கார்டோட டிரைவருக்கு நீ ஏத்தின புது கெர்னல், அதான் லினக்ஸோட மூளை, ஒத்துக்கல. ஏன்யா இப்படிப் பண்ணினேன்னு கேட்டா, "உன் மெஷின்தான் குப்பை"ன்னு திரும்பிப் படுத்துக்கிட்டே. காலையில ஆன் பண்ணும்போது வர்ற பட்டியல்ல பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். படம் வந்திடுச்சு. நான் டிசைன் பண்ணின கல்யாணப் பத்திரிகை எல்லாம் பத்திரம்.

பத்திரிகை அட்டை வாங்க நாசர் ரோட்டு அச்சுக்கடைங்க பக்கம் போறேன். மதியம் நபதான்சி அக்கா வருவாங்க. அவங்க மகளோட பத்திரிகையைத் திறந்து காட்டு. அவங்க சரின்னாதான் நாளைக்கு அச்சுக்குப் போகும். வேற எதையும் நோண்டாதே. அவங்ககிட்ட கெர்னல் பிரசங்கமும் வேண்டாம்.

நசோலோ

இன்னொண்ணு: பாஸ்வேர்டை மாத்திட்டேன். "தப்புஎன்மேலதான்". இடைவெளி விடாம அடிக்கணும். வாயில வரலேன்னாலும் விரல்லயாவது வரட்டும்.