விட்டுப் போனவள் வைத்த சொதி

கோர்ட்டு நோட்டீஸைப் படித்தேன். உங்களை விட்டு நான் பிறந்த வீட்டுக்குப் போய் மூன்று வருசமாகிறதாம்; அதனால் விவாகரத்து வேண்டுமாம். நாம் பேசாமலிருப்பதே மூன்று வாரமாகத்தானே!

எதிர்த்து வழக்காட நேற்றே தென்காசியில் வக்கீல் பிடித்துவிட்டேன். "அப்பொ அவருக்குத் தினமும் சோறு பொங்கிப் போடுதது யாரும்மா?" என்றார். "நான்தான் பொங்குதேன்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்போது வக்காலத்தில் கையெழுத்துப் போடப் போகிறேன். சாரல் விடவில்லை, உங்கள் குடையை எடுத்துக்கொண்டேன். அடுப்படியில் சொதியும் இஞ்சிப் பச்சடியும் இருக்கின்றன. ஒரு மணிக்கு ஒருவர் வருவார். அவரோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுங்கள்.

உலகம்மை

சொல்ல மறந்துவிட்டேன்: வருகிறவர் என் வக்கீலின் குமாஸ்தா. நீங்கள் சாப்பிடுவதைப் பார்க்கத்தான் வருகிறார். சொதி நன்றாக இருந்தால் அவரிடமே சொல்லுங்கள், எழுதிக்கொள்வார்.