மேட்டில் நிற்காத கார்

அத்திம்பேர்,

உங்கள் காரை மெக்கானிக் இன்று காலை திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். கைப்பிரேக்கை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். விரலில் ஒட்டிய புது கிரீஸ் வாசனை இன்னும் போகவில்லை. காலமானவரைக் குறை சொல்லக் கூடாது என்கிறாள் அம்மா. நான் சொல்லத்தான் போகிறேன்.

உங்கள் கார் எவ்வளவு பளபளப்பு என்று மயிலாப்பூர் முழுவதற்கும் தெரியும். பின்சீட்டுக்கு அடியில் காகிதம் சுற்றிய செங்கல் ஒன்று இருந்தது எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். மேட்டில் நிறுத்த நேர்ந்தால் பிரேக்கை மிதித்துக்கொண்டே, "ம், இறங்கு" என்பீர்கள். அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து, பின்சக்கரத்துக்கு அடியில் செங்கலை வைப்பாள்.

காரோடு வந்த சிறு புத்தகத்தை நீங்கள் பிரித்ததே இல்லை. நான் படித்தேன். கைப்பிரேக்கை இழுத்தால் அதன் அடியிலுள்ள பற்களில் ஒரு கொக்கி விழுந்து, திரும்ப இறங்காமல் பிடித்துக்கொள்ளும். வண்டிக்குக் கீழே ஓடும் கம்பி இறுகும். பின்சக்கரங்களின் உருளைக்குள் பிறை வடிவில் இருக்கும் கட்டைகள் விரிந்து, உள்பக்கத்தை அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும். நாளாக ஆகக் கம்பி தளர்ந்துவிடும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் கட்டைகள் உருளையைத் தொடாது. ஒரு நட்டைத் திருகி இறுக்கினால் போதும்.

சொன்னேன்.

"பொம்மனாட்டிக் கொழந்தை காருக்கு அடியில எட்டிப் பாக்கறதாவது! போய்ப் புஸ்தகத்தைப் படி."

"புஸ்தகத்துல படிச்சதைத்தான் சொல்றேன், அத்திம்பேர்."

"கார் என்னோடதா, உன்னோடதா?"

அடையாற்றுப் பாலத்து ஏற்றத்தில், எதிரே வந்த நண்பரிடம் பெருமை பேச நிறுத்தினீர்கள். அத்தை செங்கலோடு குனிந்திருந்தாள். அவரைக் கும்பிடும் மும்முரத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டீர்கள். கார் பின்னால் நகர்ந்தது. அத்தையின் இரண்டு விரல்கள் டயருக்கும் செங்கலுக்கும் நடுவே சிக்கின.

முதலில் ஓடிவந்தவள், கூடையோடு போய்க்கொண்டிருந்த நொச்சிக்குப்பத்து மீன்காரி. "இன்னா சாமி, வண்டிக்கு முட்டுக் குடுக்க ஊட்டுக்கார அம்மாதான் கெடச்சாங்களா?"

நீங்கள் அத்தையின் மேல் பாய்ந்தீர்கள். "அவசரக்குடுக்கை! நான் சொல்றதுக்குள்ள கையை விடுவியோ?" வீட்டுக்கு வந்தவர்களிடம், கதவிடுக்கில் நசுங்கியது என்றீர்கள். அத்தையும் ஆமாம் என்று தலையாட்டினாள். செங்கல் வைப்பது நிற்கவில்லை. இடக்கையால் வைக்கப் பழகிக்கொண்டாள்.

மெக்கானிக் அந்த நட்டைத்தான் இறுக்கியிருக்கிறார். வேறு பழுதே இல்லையாம்.

இன்று மாலை அப்பா காரை அதே ஏற்றத்தில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்தார். கார் அசையவில்லை. ஆனால் அத்தை அதற்குள் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள்.

"எறங்க வேண்டாம் அத்தை, அதுவே நிக்கறது."

"நிக்கறதா?" என்றாள். என்னை நம்பவில்லை. காலை உள்ளே எடுக்கவும் இல்லை.

கையைப் பிடித்து உட்காரவைத்தேன். பாலம் தாண்டும்வரை விடவில்லை. நிமிராத அந்த இரண்டு விரல்களும் என் உள்ளங்கையை அழுத்திக்கொண்டே இருந்தன. உங்கள் நினைவாக என்னிடம் இருப்பது அந்த அழுத்தம் ஒன்றுதான்.