நாரதர் பெட்டி

மார்ச் 3, திங்கள்

இன்றும் மேஜைக்கு அடியில் நாலு முறை தவழ்ந்தேன். இரண்டு திரை, கீபோர்டு, மவுஸ், ஆக நாலு வயர். காலையில் வேலைக் கணினியில் செருக வேண்டும். மதியம் பிடுங்கி என் கணினியில். இடைவேளை முடிந்ததும் மறுபடி அதில். மாலையில் மறுபடி இதில். அரை மணி இடைவேளையில் பத்து நிமிடம் வயருக்கே போய்விடுகிறது.

அலுவலகம் வீட்டுக்குத் தந்திருக்கிற வேலைக் கணினியில், மருத்துவர்கள் பேசிப் பதிந்த எக்ஸ்ரே அறிக்கைகளைத் தட்டச்சு செய்கிறேன். பதினோரு வருடமாக. விலா எலும்பு, முழங்கால், மறுபடி விலா எலும்பு. என் கணினியில் நாலு நிமிட அனிமேஷன் படம் செய்கிறேன். பஸ்ஸில் யாரோ விட்டுவிட்டுப் போன குடை, தொலைந்த பொருட்கள் அறையில் தன் ஆளுக்காகக் காத்திருக்கிற கதை. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார், குடைக் கதைக்கு வீட்டில் பஞ்சமில்லை.

ஒரு ஸ்டுடியோ ஆள் எடுக்கிறது. 28ஆம் தேதிக்குள் படம் அனுப்ப வேண்டும். வயது வரம்பு போடவில்லை. மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டேன், போடவில்லை.

பாத்ரூம் பல்பு போய்விட்டது. அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 5

மேஜை விளிம்பில் மண்டை இடித்து வீங்கிவிட்டது. டிவி ரிப்பேர் செய்கிற என் தம்பியிடம் போனில் புலம்பினேன்.

"இந்தக் காலத்துல யாரு அக்கா வயரப் புடுங்கிப் புடுங்கிச் சொருகுறாங்க? அதுக்குன்னே ஒரு பெட்டி இருக்கு. சனிக்கிழமை எடுத்துட்டு வரேன்."

இத்தனை நாள் ஏன்டா சொல்லவில்லை என்றால், நீ கேட்கவில்லையே என்கிறான்.

மார்ச் 8, சனி

வந்துவிட்டது! டிபன் டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, மேலே ஒரே ஒரு பொத்தான். திரைகளும் கீபோர்டும் மவுஸும் பெட்டியில். பெட்டியிலிருந்து இரண்டு கணினிக்கும் தனித்தனி வயர். பொத்தானைத் தட்டினால் திரை இரண்டும் கறுத்து, ஒன்று இரண்டு எண்ணுவதற்குள் அடுத்த கணினி வந்து நிற்கிறது. தட்டினால் விலா எலும்பு, தட்டினால் குடை. நான் இருபது முறை தட்டினேன். மகள் குட்டி, சனிக்கிழமை வகுப்பு முடிந்து வந்து பள்ளி உடுப்பைக்கூட மாற்றாமல், எனக்கு மேல் தட்டினாள்.

அவர் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஒரு நிமிஷம் அங்க, ஒரு நிமிஷம் இங்க. சரியான நாரதரா இருக்கே."

பெயர் நிலைத்துவிட்டது.

மார்ச் 9

மழைக் காட்சி முடிந்தது. இருபத்திரண்டு நொடி. ஒரே நாளில்.

மார்ச் 17

இடைவேளையில் இப்போது முழு அரை மணியும் எனக்குத்தான். தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு இடது கையால் குடையைத் திறந்து மூடுகிறேன். நேற்று குட்டி படத்தைப் பார்த்துவிட்டு, "பாவம்மா அது, யாராவது வந்து கூட்டிட்டுப் போகட்டுமே" என்றாள். குடையைப் பார்த்துப் பாவம் என்றாள்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

பல்பு இன்னும் வரவில்லை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பல் தேய்க்கிறோம்.

மார்ச் 28, வெள்ளி, மதியம்

போய்விட்டது. படம் ஸ்டுடியோவுக்குப் போய்விட்டது. அவசரத்தில் எழுத்து கோணலாக வருகிறது, பரவாயில்லை.

காலையிலிருந்தே ஓட்டம். வாங்கவேண்டிய சாமான் பட்டியலை என் கணினியில் எழுதி, அவர் போனுக்கு அனுப்ப கட் செய்த நேரத்தில் அவசர அறிக்கை என்று மேலாளர் கூப்பிட்டார். நாரதரைத் தட்டி அங்கே ஓடினேன். படத்தைப் பற்றி ஸ்டுடியோ கேட்டிருந்த ஒரு பத்தியை, அறிக்கைகளுக்கு நடுவே வேலைக் கணினியிலேயே எழுதி முடித்தேன். நல்ல பத்தி. 'காத்திருத்தல்' என்ற வார்த்தைகூட வருகிறது. இடைவேளையில் அதை காப்பி செய்தேன், நாரதரைத் தட்டினேன், படிவத்தில் ஒட்டினேன், அனுப்பினேன். இடைவேளை முடிய ஒரு நிமிடம் மிச்சம்.

அதே நாள், மாலை

அவர் வெறுங்கையோடு வந்தார். பல்பு எங்கே என்று பிடித்துக்கொண்டேன்.

"பட்டியல் அனுப்புறேன்னு சொன்ன. வரவே இல்லையேம்மா."

அனுப்பவில்லையா? அப்போது அந்தப் பட்டியல் எங்கே?

ஸ்டுடியோவிலிருந்து வந்திருந்த நகலைத் திறந்தேன். 'உங்கள் படத்தைப் பற்றி' என்ற இடத்தில் இருக்கிறது:

"பல்பு ஒண்ணு, பாத்ரூமுக்கு. சோப்பு ரெண்டு. குட்டிக்கு ஸ்கேல். இந்தக் குடையையாவது பஸ்ல விட்டுட்டு வந்துடாதீங்க."

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். ஒரு தடவ படிச்சுப் பாத்திருக்கக் கூடாதா? பதினோரு வருஷமா அடுத்தவங்க அறிக்கையில ஒரு புள்ளி தப்பினதில்ல எனக்கு.

தம்பிதான் விளக்கினான். "திரையும் கீபோர்டும்தான்க்கா பொது. ஒரு கணினியில காப்பி பண்ணது அதுக்குள்ளயேதான் இருக்கும். இந்தப் பக்கம் வந்து ஒட்டினா, இங்க கடைசியா எத எடுத்தியோ அதுதான் வரும். விடுக்கா, நாரதர் கலகம் நன்மையில முடியும்."

வாயை மூடு என்று போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 29

அனுப்பிய படிவத்தைத் திருத்த முடியாதாம். மன்னிப்புக் கேட்டு, சரியான பத்தியையும் சேர்த்து மெயில் போட்டேன். பதில் இல்லை.

ஏப்ரல் 2

இல்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

முழங்கால் அறிக்கை ஒன்றின் பாதியில் போன் அடித்தது. ஸ்டுடியோவின் இயக்குநர், ஒரு அம்மா.

"படத்த மூணு தடவ பார்த்தோம்" என்றார். "அந்த மழை ரொம்ப நல்லா வந்திருக்கு. ஒண்ணு கேக்கணும். குடைய விட்டுட்டு வர்றது உங்க வீட்டுக்காரரா?"

"ஆமாங்க."

"இதுவரைக்கும் எத்தன?"

"ஏழுங்க. அவரு ஓட்டுற பஸ்லயே விட்டுட்டு வருவாரு."

அந்தப் பக்கம் நாலைந்து பேர் சிரித்தது கேட்டது. "மே ரெண்டாம் தேதி சேர முடியுமா? பல்பு வாங்கியாச்சா?"

முடியும் என்றேன். இல்லை என்றேன். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும், புரிந்திருக்கும். குட்டியைத் தூக்கிச் சுற்றினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது.

மே 2, வெள்ளி

நேற்று வேலைக் கணினியைக் கூரியர்க்காரர் வந்து எடுத்துப் போனார். இன்று காலை புது வேலை, இதுவும் வீட்டிலிருந்தே, என் கணினியிலேயே. முதல் காட்சி கொடுத்திருக்கிறார்கள், ஒரு பூனை படியேறுகிறது. பதினோரு மணிக்குக் கை தானாகப் போய் நாரதரைத் தட்டியது. இரண்டு திரையும் கறுத்தன. 'சிக்னல் இல்லை' என்று வந்தது. விலா எலும்பு இல்லை, மேலாளர் இல்லை. சந்தோஷத்தில் இன்னும் நாலு முறை தட்டிப் பார்த்தேன்.

மதியத்திலிருந்து நல்ல மழை. இதோ அவர் வந்துவிட்டார், தலைமுதல் கால்வரை சொட்டச் சொட்ட வாசலில் நிற்கிறார். கையில் பல்பு இருக்கிறது.