மருந்தடித்த குடில்

அம்மாவுக்கு அன்பு வணக்கம். உன் மூட்டுவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் சுகமாகத்தான் இருக்கிறேன்.

இங்கே பூ சீசன். நேற்றுக் காலை ரோஜா வளர்க்கும் பசுமைக்குடிலுக்குள் பூச்சிமருந்து அடித்தார்கள். அடித்தால் மறுநாள்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. ஆனால் மதியமே லாரி வந்துவிட்டது, பூ வெட்டப் போங்கள் என்றார் முதலாளி. அவருடைய நாயும் எங்கள் பின்னாலேயே ஓடி வந்தது.

"டேய், நாயப் புடிங்கடா! உள்ள மருந்து அடிச்சிருக்கு!" என்று அலறினார்.

"அப்ப நாங்க என்ன, பிளாஸ்டிக் பூவா?" என்றாள் என் பக்கத்து வரிசை அக்கா. எல்லோரும் சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் அவள் செடிமேலேயே சரிந்து விழுந்தாள். வெயில் மயக்கமாம், முதலாளி சொல்கிறார். பயப்படாதே, கண் விழித்துவிட்டாள். எனக்கு ஒன்றுமில்லை, கண் மட்டும் எரிகிறது.

மூக்கில் கட்டிக்கொள்ள உன் பழைய நூல்புடவை ஒன்று அனுப்பு. துவைக்காமலே அனுப்பு.

மேஸ்திரி கத்துகிறார், அடுத்த குடிலுக்குப் போக வேண்டும். அங்கே இன்னும் மருந்து வாடை அடங்கவில்லை. போகாவிட்டால் என் இடத்தில் வேறொருத்தியை நிறுத்திவிடுவார்கள். போகிறேன். பயமாக இருக்கிறது அம்மா.

உன் மகள்