கதவு திறந்துவிட்ட தண்ணீர்

ஓடையில் இறங்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்ட மச்சானுக்கு,

நம் ஓடைத் தண்ணீரைக் குழாயில் வீடுகளுக்குக் கொண்டுவரப் போகிறார்கள். கிணறுகள் எல்லாம் உவர்த்துப்போனதால் ஊருக்குப் பெரிய சந்தோஷம். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. நீ உயிரோடு இருந்திருந்தால், "இரசாயனம் படிப்பிச்ச ஆளுக்குத் தண்ணியைக் கண்டாலும் பயம்" என்று சிரித்திருப்பாய்.

ஆய்வுக்குழு ஒன்று நாள் சொல்லிவிட்டு வந்து, ஓடைத் தண்ணீரைப் போத்தல்களில் எடுத்துப் போகிறது. ஒவ்வொரு முறையும் முடிவு நல்லது என்கிறார்கள். வயலுக்கு மருந்தடிக்கும் காலத்திலும் நல்லதாம். அது எப்படி? மருந்து டாங்கியை நம்மவர்கள் ஓடையில்தான் அலசுகிறார்கள் என்பது உனக்குத் தெரியாததா?

நீ விலங்கியல் படிப்பித்தவன், போத்தலை முழுதாக நம்பமாட்டாய். "போத்தல் இண்டைக்குக் காலமைய மட்டும் சொல்லும். கல்லுக்கடியில இருக்கிறது போன மாசத்தையும் சொல்லும்" என்பாய். அதனால் நானே இறங்கி, நீ வழக்கமாகப் பார்க்கும் வளைவில் கற்களைப் புரட்டினேன். நல்ல ஓடும் தண்ணீரில் வாழும் அந்த மூன்று வால் பூச்சிக் குஞ்சுகள் ஒன்றுகூட இல்லை. கெட்ட தண்ணீர்ச் சேற்றில் நெளியும் சிவப்புப் புழுக்கள்தான் இருந்தன. முதலில் என் கண்ணைத்தான் சந்தேகித்தேன். மறுநாள் உன் மனைவியைக் கூட்டிப்போனேன். என் தங்கச்சிக்குக் கண் கூர்மை அல்லவா? அவள் கண்ணிலும் படவில்லை.

பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். குழு வரும் நாட்களில் மட்டும் ஓடை நிறைந்து ஓடுகிறது. நம் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டை விதானை, விடியற்காலையிலேயே குளத்துக் கதவைத் திறந்துவிடுகிறார். பாய்கிற தண்ணீரில் மருந்தெல்லாம் அடித்துப்போய்விடும். யார் சொல்லி? குழாய் போடும் வேலையை ஒப்பந்தம் எடுத்தவரின் மோட்டார் சைக்கிள் விதானை வீட்டு வாசலில் நின்றதையும் பார்த்தேன். ஒரு மோட்டார் சைக்கிளை வைத்து மனிதரைச் சந்தேகிப்பது சரியா? தெரியவில்லை. ஆனால் மறக்கவும் முடியவில்லை.

நான் கேட்கத் தயங்கினேன். உன் மனைவி தயங்கவில்லை. என்னையும் கூட்டிப்போய் விதானையை வாய்க்கால் கரையில் மறித்துவிட்டாள்.

"விதானையார், அவங்க வாற நாளில மட்டும் ஏன் கதவைத் துறக்கிறீங்க?"

"ஏன் புள்ள, வெளியூர் ஆக்கள் வாறாங்க. ஓடை வத்திப் பாசி புடிச்சுக் கிடந்தா ஊருக்கு வெக்கமில்லையா? வீட்டுக்கு ஆள் வந்தா நீங்க வாசல் முத்தம் கூட்டமாட்டீங்களா?"

"கூட்டுவம். ஆனா அவங்க போனா மறுகா, பாசித் தண்ணியக் குடிக்கப்போறது நாங்கதானே?"

அவர் என் பக்கம் திரும்பினார். "சேர், இதை அவங்களிட்டச் சொல்லிப்போடாதீங்க. திட்டம் நிண்டா ஊர் உங்களத்தான் ஏசும்."

விருந்தினர் முன் ஊர் மானம் போகக்கூடாதென்று ஒரு மனிதர் ஓடையைக் கழுவிவிடுவாரா? நம் ஊரில் அதுவும் நடக்கும். அந்தப் பாதியை நம்பினேன். ஆனால் கடைசியில் சொன்னாரே, அது வேண்டுகோளா, மிரட்டலா? நீ முகத்தைப் பார்த்தே சொல்லியிருப்பாய்.

வரும் திங்கட்கிழமை குழு கடைசித் தடவையாக வருகிறது. அதோடு முடிவு எழுதிவிடுவார்கள். முதல் குழாய் உன் பேத்தி படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு. நான் பேசினால் ஊரே காத்திருக்கும் தண்ணீர் தள்ளிப்போகும். பேசாவிட்டால் அந்தப் பிள்ளை அதைக் குடிக்கும்.

குழுத் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்த உன் மனைவி சொன்னாள்: "கதைக்க வராட்டி விடுங்க அண்ணன். நேர வரட்டும், கல்லைத் தூக்கி அவங்கட மூக்குக்கு முன்னால புடிங்க."

அப்படியே செய்யப்போகிறேன், மச்சான். திங்கட்கிழமை அந்த வளைவில் நிற்பேன். இது இன்று காலை திறந்துவிட்ட தண்ணீர் என்பேன். கல்லைப் புரட்டிக் காட்டுவேன். "முடிவு எழுதுமுன் சொல்லாமல் ஒரு நாள் வாருங்கள்" என்று கேட்பேன். விருந்தாளியிடம் நம் ஊரில் யாரும் கேட்காத ஒன்று அது. விதானையும் அங்கே நிற்பார். என் கையைப் பிடிக்க நீ இருக்கமாட்டாய். கல்லை மட்டும் கீழே போடமாட்டேன்.

இப்படிக்கு,
எல்லாவற்றையும் சந்தேகிக்கும், உன்னைச் சந்தேகிக்காத,
உன் மனைவியின் அண்ணன்