உப்பு நீட்டிய கை

ஜூன் 9

லுடியாவின் படத்திலிருந்து எருமையை வெட்டி எறிந்துவிட்டார்கள். செய்தவன் அவள் அண்ணன் துமா. உடந்தை என் மகன் சாம்பே. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. படம் எடுத்தவன் நான். லுடியா என் மனைவி.

இன்று காலை கீழே கடற்கரைப் பட்டணம் மக்காசரிலிருந்து பஸ்ஸில் பேனர் வந்தது. முற்றத்தில் விரித்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கிறது. அவள் சிரிக்கிறாள், வலது கை முன்னால் நீண்டிருக்கிறது. கையில் உப்பு. அந்த உப்பை நக்க வந்த புலானைத்தான் காணோம். அவன் நின்ற இடத்தில் சித்திர வேலை செய்த நெற்களஞ்சியம் ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். இப்போது பார்த்தால் அவள் யாரிடமோ பிச்சை கேட்கிறாள். பிச்சை கேட்டுக்கொண்டே சிரிக்கிறாள்.

"வெறும் கறுப்பு எருமை மாப்ளே. விலை ஒசந்த புள்ளி எருமையா இருந்தா நானே விட்டிருப்பேன். நாலு ஊர்ப் பெரிய மனுசங்க வர்ற வழியனுப்புச் சடங்கு, அங்க போய் சேத்துக்கால் மாட்டையா மாட்டறது?" என்றான் துமா.

"அவ காலும் சேறுதான். அதையும் வெட்டிட்டியா?"

வெட்டியிருந்தான். படம் இடுப்போடு நிற்கிறது.

ஜூன் 10

காபி கொண்டுபோய் வைத்தேன், சர்க்கரை இல்லாமல். தெற்கு அறையில் படுத்திருக்கிறாள். பேனர் விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 14

பேனர் அடித்த கடைக்காரன் போன் செய்தான். கீழே இறந்த தேதி விட்டுப்போயிருக்கிறதாம், மேலே ஒட்ட ஒரு துண்டு அடித்து அனுப்புகிறானாம், என்ன போட என்று கேட்டான்.

"அவளுக்கு உடம்பு முடியல. அவ்வளவுதான்," என்றேன்.

"ஐயா, போன வருசமே..."

போன வருடம் மழையில் மூச்சு நின்றது. நிற்கட்டும். அவன் கடற்கரைக்காரன், அவனுக்கு என்ன தெரியும். இந்த மலையில் மூச்சு நின்றவரை மருந்து போட்டு வீட்டிலேயே படுக்கவைப்போம், சடங்கில் முதல் எருமை வெட்டுப்பட்டு விழும்வரை நோயாளிதான். சோறு வைக்க வேண்டும், பேச வேண்டும், வெளியே போனால் சொல்லிக்கொண்டு போக வேண்டும். அந்த வார்த்தையை வீட்டுக்குள் யாரும் எடுக்கக்கூடாது. இரண்டாம் வகுப்பு தாண்டாத எனக்கே இது தெரியும்.

தேதி எதுவும் போடாதே என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 21

போனில் இருக்கும் முழுப் படத்தை இன்று மறுபடி பார்த்தேன். போனை மகள் ரேசி வாங்கித் தந்தாள், படம் எடுக்க நானாகத்தான் கற்றுக்கொண்டேன். மூலையில் என் கட்டைவிரல் விழுந்திருக்கிறது. துமா அதையும் வெட்டிவிட்டான்.

அன்று அறுவடை முடிந்த வயல். "என்னை எடுக்காதீங்க, பல்லு போன கிழவி. அவனை எடுங்க. மூஞ்சியப் பாருங்க, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி," என்றாள். புலானுக்கு நெற்றியில் நிலா மாதிரி ஒரு வெள்ளை, எங்கள் பேச்சில் புலான் என்றால் நிலா, அதனால்தான் அந்தப் பெயர். கன்றிலிருந்து அவள் கை உப்பைத் தின்று வளர்ந்த கடா. நாக்கை நீட்டினான், அவள் சிரித்தாள், நான் அழுத்தினேன்.

பிறகு அவன் கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னாள்: "நான் போறப்ப இவன் மேலதான் ஏறிப் போவேன். வேற எருமைன்னா பாதி வழியில தள்ளிவிட்டுரும். இவனுக்கு என் கனம் தெரியும்."

ரேசியும் பக்கத்தில் இருந்தாள். அவள் மறந்திருந்தால் நல்லது.

ஜூலை 2

மறக்கவில்லை.

குடும்பம் கூடியது. ஆகஸ்ட் 5 என்று நாள் குறித்துவிட்டார்கள். வெட்டுகிற முதல் எருமை எது, அவள் எதன் மேல் ஏறிப் போவாள் என்ற பேச்சு வந்ததும் ரேசி தலையைக் குனிந்துகொண்டு, அம்மா சொன்னதைச் சொல்லிவிட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"பன்றி எத்தனை வேணா வெட்டுங்க. புலான் மேல கை வைக்கக்கூடாது."

"அப்ப என் தங்கச்சி நடந்தே போகணுமா?" என்றான் துமா. "ஆத்மாக்களோட ஊரு என்ன, கீழத்தெருவா?"

"போக வேணாம். என்ன அவசரம்? இன்னும் ஒரு வருசம் படுத்திருக்கட்டும்."

"அப்பா, எனக்கு ஆகஸ்ட் வரைக்கும்தான் லீவு. பாப்புவா சுரங்கத்துல நெனச்சப்பல்லாம் தரமாட்டாங்கப்பா," என்றான் சாம்பே.

லீவு! பெற்றவள் போவதற்கு இவன் லீவு பார்த்து நாள் குறிக்க வேண்டுமா?

துமா கள்ளை ஊற்றி என் பக்கம் நகர்த்தினான். குடிக்கவில்லை.

ஜூலை 3

புலானை மேல் வயலுக்கு ஓட்டிக்கொண்டுபோய்க் கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. எருமையை ஒளித்துவைக்க முடியுமா? கீழே இருந்து ஊரே பார்த்துச் சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

ஜூலை 11

எப்படி எழுதுவது?

வீட்டு முகப்பில் அந்தப் பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். காற்றில் அவள் கை ஆடியது, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கேட்பதுபோல. எனக்குப் பொறுக்கவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு போய்க் கயிற்றை அறுத்தேன். துமா ஓடிவந்தான். "கெழட்டுப் பிடிவாதம்! எருமைக்காக மானத்த வாங்கறியே!" என்று கத்தினான். நானும் கத்தினேன்.

"செத்துப்போனவளப் பிச்சைக்காரி ஆக்கிட்டியேடா!"

சொல்லிவிட்டேன்.

நான் சொன்னேன். வேறு யாருமில்லை, நான். ஒரு வருடமாக வீட்டில் எல்லார் வாயையும் அடைத்தவன்.

ரேசி அம்மாவுக்குச் சோற்றுத் தட்டோடு தெற்கு அறை வாசலில் நின்றாள். உள்ளே போகவில்லை, திரும்பவும் இல்லை. துமா என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவன் என் கையிலிருந்த அரிவாளை மெல்ல வாங்கிக்கொண்டான்.

"விடு மாப்ளே. உள்ளாற படுத்திருக்கா. தூங்கியிருப்பா, கேட்டிருக்காது," என்றான்.

ஜூலை 12

காபி கொண்டுபோனேன். வாசலைத் தாண்ட முடியவில்லை. ஆறிப்போனது. நானே குடித்தேன்.

ஜூலை 15

மேல் வயலுக்குப் போனேன். ஒரு வருடமாகப் புலானுக்குப் புல் போடுகிறேன், குளிப்பாட்டுகிறேன். உப்பு மட்டும் கொடுத்ததில்லை. அது அவள் வேலை. அவள் எழுந்து வந்து கொடுப்பாள் என்றா வைத்திருந்தேன்? தெரியவில்லை. இன்று மடியில் கொஞ்சம் கட்டிக்கொண்டு போனேன்.

கையை நீட்டினேன். வரவில்லை. என் தோளுக்குப் பின்னால் வரப்பைப் பார்த்தான். நானும் திரும்பிப் பார்த்தேன். எவனாவது பார்த்திருந்தால் இரண்டு முட்டாள்கள் என்றிருப்பான்.

பிறகு மெதுவாக வந்தான். நக்கினான். அரம் போட்டதுபோல் நாக்கு, உள்ளங்கையில் அப்படி ஒரு கூச்சம். இவ்வளவு காலம் பக்கத்தில் நின்று படம் எடுத்தேனே தவிர இது எனக்குத் தெரியாது. இதற்காகத்தான் சிரித்திருக்கிறாள்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் என் தலையை முகர்ந்துகொண்டு நின்றான்.

அவளுக்கு வழித்துணை வேண்டாமா? என்னால் போக முடியாது. இவன் போவான்.

ஜூலை 16

காலையில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னேன். சொன்னதை மாற்றக்கூடாது என்பதற்காக இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

புது பேனர் சாம்பே அடித்து வர வேண்டும். போனில் இருக்கும் படம், முழுதாக. புலானும் வேண்டும், அவள் சேற்றுக் காலும் வேண்டும், என் கட்டைவிரலும் இருக்கட்டும். பழைய பேனரை எரிக்கக்கூடாது, அதிலும் அவள்தான் இருக்கிறாள், ரேசி மடித்துவைக்கட்டும். கடைக்காரன் தேதி கேட்டால் ஆகஸ்ட் 5 என்று சொல்ல வேண்டும். அன்றைக்குத்தான். அதற்கு முந்தின தேதி எதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

துமா வேண்டுமானால் ஒரு புள்ளி எருமையைக் கொண்டுவரட்டும், அது இரண்டாவது. முதலில் புலான். வெட்டுகிறவனிடம் பேச வேண்டியதும் துமாதான். ஒரே வீச்சு. கத்தி வெட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், புலான் கண்ணில் படக்கூடாது. எனக்குக் கறிப் பங்கு வேண்டாம். புலானின் கொம்பு வீட்டு முன் தூணில், முன்னோர் சடங்குகளில் கட்டிய எல்லாக் கொம்புக்கும் மேலே. ஏணி வைத்துச் சாம்பே கட்ட வேண்டும், லீவு முடிவதற்குள்.

கயிற்றை நான் பிடிப்பேன். வேறு யாரும் பிடிக்கக்கூடாது. இன்னொரு கையில் உப்பு இருக்கும்.

அன்று காலைக் காபியும் நான்தான் கொண்டுபோவேன். சர்க்கரை இல்லாமல்.

மறுநாளிலிருந்து ரேசி காபிக்கு ஒரு குவளைத் தண்ணீர் குறைத்து வைக்க வேண்டும்.